எண் இல்லாத நாலணா

11.6.1986, புதன்

மேட்னிக்குக் கூட்டமில்லை. வெயில் அப்படி. டிக்கெட் அறைக்குள் உட்கார்ந்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரிதான். பெண்கள் கவுன்ட்டரில் மொத்தம் நாற்பத்தோரு பேர். எனக்கு யார் முகமும் தெரியாது. ஒரு கை நுழையும் ஓட்டை, அதில் கையும் காசும் மட்டும். சாயம் ஏறிய கை, தீப்பெட்டிப் பசை காய்ந்த கை, திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவளின் கறுத்த கை.

சும்மா இருந்த நேரத்தில் ரூபாய்க் காசுகளை வருஷவாரியாக அடுக்கினேன். மூன்று காசு 1985. ஒன்றில் வருஷத்துக்குக் கீழே நடுவில் ஒரு குட்டி டைமண்ட். இன்னொன்றில் அந்த டைமண்ட் நகர்ந்து '1'-க்கு நேர் கீழே நிற்கிறது. மூன்றாவதில் டைமண்டே இல்லை. H என்று ஒரு எழுத்து.

ஒரே வருஷம், ஒரே ரூபாய். ஏன் வேற வேற?

மேனேஜர் வெள்ளத்துரையிடம் கேட்டேன். "காசுல என்ன எழுத்து இருந்தா ஒனக்கு என்னம்மா? செல்லுதா செல்லலையா, அத மட்டும் பாரு" என்றார்.

செல்லுகிறது. ஆனால் அதை மட்டும் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

13.6.1986

நாலாவதும் உண்டு! 1985, அடியில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக வெறும் இடம்.

22.6.1986, ஞாயிறு

காலையில் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, அண்ணனின் இழைக் கண்ணாடியை எடுத்தேன். அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று துணி மேல் வைத்து எண்ணுகிற பித்தளை மடக்குக் கண்ணாடி. அதைக் காசு மேல் வைத்துக் குனிந்தால், அடேயப்பா, உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. ஐம்பது பைசாவில் '1'-க்குக் கீழே நட்சத்திரம். சிங்கத்தின் பிடரி மயிர்கூட ஒன்றில் கூர்மையாக இருக்கிறது, ஒன்றில் தேய்ந்திருக்கிறது.

அண்ணன் பார்த்துவிட்டான். "தறி வீட்டுச் சாமானை வச்சு வெளையாட்டா?" அதற்குள் வதினா அடுப்படியிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் ஒரு கூடுதல் தட்டு. "புருஷன விட்டுட்டு வந்து நாலு வருஷமாச்சு. அதுக்கு ஒரு வழி பாக்காம காசப் பாக்குறா."

சண்டை எல்லாம் எங்கள் வீட்டுத் தெலுங்கில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ் என்பதால் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் கொஞ்சம் சூடு குறைகிறது.

பரமக்குடிக்கு, புருஷன் வீட்டுக்கு, திரும்பிப் போவதாக இல்லை. அடி வாங்கத் தனியாக ஒரு வீடு எதற்கு?

5.7.1986, சனி

காசை மாற்றுவதை வெள்ளத்துரை கவனித்துவிட்டார். "என்ன, பெட்டியிலருந்து எடுத்து முந்தானையில முடியிற?"

"என் ரூபாயப் போட்டுட்டுத்தான் எடுக்குறேன். நீங்களே பாருங்க" என்று செய்து காட்டினேன். முதலில் என் காசு பெட்டிக்குள் விழ வேண்டும், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு வேண்டிய காசை எடுப்பேன். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். இனி சத்தமாகவே போடப் போகிறேன், அவருக்குக் கேட்கிற மாதிரி.

19.8.1986, செவ்வாய்

மதுரையில் நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாகப் பேப்பரில் பார்த்துப் போன மாதம் எழுதிப் போட்டிருந்தேன். இன்று கார்டு வந்தது. 'திரு. வெங்கடலட்சுமணன் அவர்களுக்கு' என்று! நான் 'வெங்கடலட்சுமி' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள் போல.

ஆனாலும் கார்டை ஏழு தடவை படித்தேன். நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு என்று சர்க்கார் வெளிநாட்டிலும் காசு அடித்து வாங்கியதாம். H என்பது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். '1'-க்குக் கீழே டைமண்ட் என்றால் வேல்ஸ். ஐம்பது பைசாவில் '1'-க்குக் கீழே நட்சத்திரம் என்றால் கொரியா. நடு டைமண்ட் பம்பாய். ஒன்றுமில்லாதது கல்கத்தா.

கொரியாவில் அடித்த காசு கப்பலேறி, ரயிலேறி, லாரியேறி, பந்தல்குடிக்காரி ஒருத்தியின் இடுப்பு முடிச்சில் வந்து, என் ஓட்டைக்குள் விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

கீழே கையெழுத்து: ராஜகுரு, செயலாளர். மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்களாம். போவேன்.

14.9.1986, ஞாயிறு

மதுரை போய் வந்தேன். ஒரு அச்சகத்து மாடி. பதினோரு ஆம்பளை, நான் ஒருத்தி. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ராஜகுரு ஐம்பது வயதுக்காரர், மரியாதையாகத்தான் எழுந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் கீழ நிக்கிறாங்களா?"

"வரலைங்க."

"சேகரிப்பு அவங்களோடதா?"

"வீட்டுக்காரரையே விட்டுட்டு வந்தவ நான். காசு என்னோடது."

யாரோ இருமினார்கள். ராஜகுரு என் டப்பாவை வாங்கி மேலாகப் பார்த்தார். அவர்களிடம் இருப்பதெல்லாம் பாண்டியர் செம்பு, நாயக்கர் காசு, வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். "ஓடுற காசுக்கு மதிப்பு வர ஐம்பது வருஷம் ஆகும்மா" என்றார்.

"ஐம்பது வருஷங் கழிச்சு இருக்கணும்னா இப்ப யாராவது எடுத்து வைக்கணுமே" என்றேன்.

சிரித்தார்கள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று பஸ்ஸில் காரியாபட்டி வரை யோசித்துக்கொண்டே வந்தேன். கெட்ட சிரிப்புதான். இருக்கட்டும். அடுத்த மாதமும் போவேன்.

17.1.1987, சனி

பொங்கல் கூட்டம். புதுப் படம். சில்லறை சுத்தமாக இல்லை. வெள்ளத்துரை ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்து, "மிச்சத்துக்கு இதக் குடு" என்று சொல்லிவிட்டார். ஓட்டை வழியாக மிட்டாய் நீட்டினேன். எத்தனை பேர்தான் பொறுப்பார்கள்?

"எம் பிள்ளைக்கு பஸ்ஸு காசு வேணும், முட்டாயா குடுப்பேன் கண்டக்டருக்கு?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொரு குரல்: "இவகிட்டயா இல்ல சில்லற? வீட்டுல டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்காளாம். அவ மதினியே சொன்னா."

வதினாவா? தண்ணிக் குழாயடியில் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் நெருப்புப் பிடித்த மாதிரி. பதுக்கல்காரி. திருடி. புருஷன் வெச்சு வாழாதவ. ஓட்டைக்குள் கை விட்டு ஒருத்தி என் வளையலைப் பிடித்து இழுத்தாள், உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. கறுத்த கை. திருச்சுழிக் கை.

வெள்ளத்துரை வந்து கூட்டத்தை அடக்கினார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "நாளைக்கி அந்த டப்பாவெல்லாம் ஒழிச்சுக் கட்டிட்டு வேலைக்கி வா. இல்லைன்னா வராத" என்றார்.

அழவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வருகிறது. அது கீறலுக்கு.

ஒழிச்சுக் கட்டவா? நானா?

18.1.1987, ஞாயிறு

வேலைக்குப் போனேன். டப்பாவோடு.

மேட்னிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பெண்கள் வரிசை நிற்கிற கம்பி ஓரத்தில் ஒரு நீள பெஞ்சு உண்டு. அதில் என் நீலச் சேலையை விரித்து, எல்லாவற்றையும் பரப்பினேன். இருநூற்றுப் பதினாலு காசு. ஒவ்வொன்றின் கீழும் கிழிந்த டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிய சீட்டு: வருஷம், ஊர், அடையாளம். வரிசை கோணாமல் வைத்தேன்.

வரிசை நிரம்பியதும் சொன்னேன். "நான் பதுக்கினது இவ்வளவுதான். நூறு ரூபாகூட வராது. எண்ணிப் பாத்துக்கங்க. ஒண்ணு எடுக்க ஒண்ணு போட்டிருக்கேன். இல்லைன்னு எவளாவது சொல்லணும்னா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஓட்டை வழியா வேணாம்."

முதன்முதலாக அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அவர்களும் என்னுடையதை.

அப்புறம் கரிமூட்டக்காரி முன்னால் வந்தாள். நேற்றைய கை. பெஞ்சைக் குனிந்து பார்த்தாள். "இது என்னது, எல்லாம் ஒரே ரூபாதான?"

இழைக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். எப்படி வைப்பது என்று காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். "ஏ, இங்க வாங்கடி! இதுல நட்சத்திரம் இருக்குடி, நெசமாவே!"

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தங்கள் காசைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "எனக்கு டைமண்டு." "எனக்கு ஒண்ணுமில்லடி." "ஒண்ணுமில்லைன்னா கல்கத்தாக்கா" என்றேன். "கல்கத்தாவா!" என்று அவள் அந்தக் காசை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

உள்ளே மணி அடித்து, நியூஸ் ரீல் ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே பெண்கள் பக்கத்து பெஞ்செல்லாம் காலி. வெள்ளத்துரை ஓடி வந்து, "படம் போட்டாச்சு, உள்ள போங்கம்மா" என்று கெஞ்சினார். "இரும்யா" என்றாள் கரிமூட்டக்காரி.

என்னை வேலையைவிட்டு நிறுத்துவது பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

8.2.1987

வீரசோழனிலிருந்து வந்த ஒரு அம்மா டிக்கெட்டுக்குக் காசு நீட்டிவிட்டு, துப்பட்டியின் ஓரத்திலிருந்து தனியாக ஒரு ரூபாய் எடுத்து, "எச்சு எழுத்து போட்டது, ஒனக்குன்னு வச்சிருந்தேன்மா" என்றார். மாற்று ரூபாய் கொடுத்தேன். இப்போதெல்லாம் தினமும் இப்படி. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஐம்பது ஜோடிக் கண் எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வதினாவோடு பேசுவதில்லை.

12.3.1987, வியாழன்

தியேட்டர் வாசலில் சாக்கு விரித்துப் பூ விற்கிற சங்கரம்மாக்கா இன்று கவுன்ட்டருக்கு வந்தாள். படத்துக்கு இல்லை.

"லச்சுமி, ஒரு சனியன் மாட்டிக்கிருச்சு. எவன் தள்ளிவிட்டானோ இருட்டுல. ரெண்டு மாசமா வச்சுக்கிட்டுச் சாகுறேன். ரேசன் கடையில வாங்கல, பஸ்ஸுல வாங்கல, டீக்கடைக்காரன் தூக்கி எறிஞ்சான்."

நாலணா மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கம். திருப்பினால் 25 என்ற எண் இல்லை, வருஷம் இல்லை. அங்கேயும் சிங்கம். ஆனால் இந்தச் சிங்கம் உள்ளே குழிந்து, இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்கிறது. எழுத்துகளும் இடம் வலம் மாறிக் குழிந்து ஓடுகின்றன.

"நீதான் கண்ட கண்ட காசையும் சேக்குறியே. வச்சுக்கிட்டு ஒரு நல்ல நாலணா குடு தாயி."

கொடுத்தேன். அவள் பிழைத்தோம் என்று போனாள். நான் அந்தக் காசை முந்தானை ஓரத்தில் தனியாக முடிந்துகொண்டேன்.

13.3.1987

முறுக்கு மாவு பிசைந்திருந்தது. ஒரு உருண்டையைத் தட்டி, நல்ல நாலணாவின் சிங்கப் பக்கத்தை அழுத்தி எடுத்தேன். மாவில் குழிந்து, இடம் வலம் மாறிய சிங்கம். அப்படியே அந்தக் காசின் பின்பக்கம்!

அப்படியானால், அச்சடித்த ஒரு காசு மிஷினிலேயே ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றிருக்கிறது. அடுத்து வந்த வெறும் தகடு அதில் அடி வாங்கியிருக்கிறது. மேலே ஒட்டியிருந்த காசின் சிங்கம் இதில் குழியாகப் பதிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மாவில் பார்த்தேன்.

வதினா வந்து, "மாவுல என்ன கூத்து?" என்றாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. சிரித்துக்கொண்டிருந்தேன்.

14.3.1987

ஆசாரி கடையில் தராசில் வைத்தோம். எண் இல்லாததும் சாதா நாலணாவும் ஒரே எடை. யாராவது ராவியிருந்தால் குறைந்திருக்கும். சுத்தி வைத்து அடித்திருந்தால் அகலம் கூடியிருக்கும். ஓரத்து வரியும் நசுங்காமல் இருக்கிறது. இது காசு அடிக்கிற டங்கசாலையிலேயே பிறந்தது.

12.4.1987, ஞாயிறு

மதுரை. ராஜகுரு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "எவனோ ரெண்டு காசை வச்சுச் சுத்தியால அடிச்சிருக்கான். போலி."

எடையைச் சொன்னேன். அகலத்தைச் சொன்னேன். ஓரத்தைக் காட்டினேன். மாவுக் கதையைச் சொன்னேன். மாவு என்றதும் மறுபடியும் சிரிப்பு. "முறுக்கு சுடுறதுக்கும் நாணய சாஸ்திரத்துக்கும் சம்பந்தமில்லம்மா" என்றார் ராஜகுரு. "சரி, இவ்வளவு தூரம் வந்திட்டீங்க. அம்பது ரூபா தர்றேன், வேடிக்கைப் பொருளா இருக்கட்டும்."

போலிக்கு எதற்கு ஐம்பது ரூபாய்?

"வேணாங்க" என்று எழுந்துவிட்டேன். படியிறங்கி டீக்கடை வரைக்கும் வந்தேன். பின்னாலேயே வேகமாக வந்தார், மூச்சு வாங்க. மாடியில் இருந்த ராஜகுரு இல்லை இவர். குரலே வேறு. "ரெண்டாயிரம். இப்பவே. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

அந்தக் குரல்தான் எனக்குச் சாட்சி. இனி யாருடைய சர்டிபிகேட்டும் வேண்டாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டாயிரம். என் சம்பளத்தில் ஒரு வருஷம். தனி ரூம் எடுக்கலாம். அந்த வீட்டை விட்டு வெளியே வரலாம்.

சங்கரம்மாக்காவுக்கு நாலணா கொடுத்துவிட்டேன். அவள் கேட்டதைக் கொடுத்தேன். முடிந்த வியாபாரம். அவள் மனசாரத்தானே கொடுத்தாள்?

13.4.1987

அக்காவிடம் சொல்லவில்லை. கூட்டம் அதிகம்.

14.4.1987, செவ்வாய்

வருஷப் பிறப்பு. சங்கரம்மாக்காவிடம் ஒரு கூடைப் பூவும் தீர்ந்துவிட்டது. போகும்போது ஓட்டை வழியாக ஒரு முழம் மல்லிகையைத் திணித்தாள். "நல்ல நாளும் அதுவுமா மொட்டத் தலையோட இருக்காத." காசு வாங்கவில்லை.

தலையில் வைக்க முடியவில்லை. வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

15.4.1987

நான் யாரை ஏமாற்றுகிறேன்? டீக்கடையில் ராஜகுரு 'யார்கிட்டயும் சொல்ல வேணாம்' என்றாரே, மூன்று நாளாக அதைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சேலையா?

16.4.1987, வியாழன்

சொல்லிவிட்டேன். சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காசை அவள் உள்ளங்கையில் வைத்து, ரெண்டாயிரம் என்று சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனா? அப்படித்தான் நினைத்திருக்கிறேன், வெட்கம்.

பூக்கட்டின கை நின்றது. "என்னைக்கித் தெரியும் ஒனக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னைக்கி வியாழன்."

"ஆமாக்கா."

"நாலு நாளு. நானு பூ குடுத்தப்பவும் தெரியும்." கத்தினாள் பாருங்கள்! தெருவே திரும்பிப் பார்த்தது. "ஒன்னிய எல்லாரும் திருடிங்கிறப்ப நாந்தான்டி இல்லைன்னு சொன்னேன்! இந்த வாயால சொன்னேன்!"

நான் எழுந்திருக்கவில்லை. அவள் திட்டி முடிக்கும்வரை அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். மேட்னி மணி அடித்தது. வெள்ளத்துரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உட்கார்ந்தே இருந்தேன்.

கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அந்தாளு மாடியில என்ன சொன்னான்?"

"போலின்னான்."

"கீழ வந்து?"

"ரெண்டாயிரம்னான்."

"அப்ப அவனுக்குக் கெடயாது" என்றாள். "ரெண்டு மாசம் எல்லாப் பயலும் எங்கிட்ட செல்லாதுன்னு சொன்னான். அதே வாயால இவனும் செல்லாதுங்கிறான், உள்ளுக்குள்ள வெல போட்டுக்கிட்டே. ஊரக் கூட்டி, செல்லும்னு சொல்றவனுக்குக் குடு. வர்றதுல பாதி எனக்கு. பாதி ஒனக்கு. பாதிக்கி மேல ஒரு பைசா எனக்கு வேணாம், நீதான் கண்டுபுடிச்ச."

"பாதியா? காசு ஒன்னோடதுக்கா."

"வாய மூடிட்டுப் போயி டிக்கெட்டக் குடு. கூட்டம் நிக்கிது."

19.7.1987, ஞாயிறு

மதுரைக் கண்காட்சி. வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள் என்று தெரிந்து ஒரு மேசைக்கு எழுதிப் போட்டிருந்தேன். இடம் கொடுத்தார்கள், மூலையில், கழிப்பறைப் பக்கம். சீட்டு மட்டும் அவர்களே அடித்து வைத்திருந்தார்கள்: 'சங்கத்தின் சேகரிப்பிலிருந்து'.

அதைக் கிழித்தேன். ராஜகுரு முன்னாலேயே கிழித்தேன். வீட்டில் எழுதிக்கொண்டு போனதை வைத்தேன்: 'கண்டெடுத்தவர்: பூ வியாபாரி சங்கரம்மாள், அருப்புக்கோட்டை. ஆராய்ந்தவர்: வெங்கடலட்சுமி, டிக்கெட் கவுன்ட்டர்.'

"இது சங்கத்துக் கண்காட்சி" என்றார்.

"போலிக் காசு எப்படிச் சங்கத்துச் சேகரிப்புல வந்துச்சுங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். பக்கத்து மேசை திரும்பிற்று.

கூட வந்திருந்த சங்கரம்மாக்காவுக்கு எழுத்து வாசிக்க வராது. "இதுல எம் பேரு எங்க இருக்கு?" என்றாள். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அப்புறம் நாள் முழுக்க, மேசைக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் அந்த இடத்தை அவளே காட்டினாள்.

மதியத்துக்கு மேல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார், கோட்டைச்சாமி என்று பெயர். மில்லில் இன்ஜினியராம். அரை மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "எப்படி ஆச்சுன்னு கண்டுபிடிச்சீங்க?" என்றார். மாவுக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதைவிட நல்லா விளக்க முடியாதுங்க" என்றார்.

நாலாயிரத்து ஐந்நூறு. எல்லார் முன்னாலும்.

சங்கரம்மாக்கா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். பணப்பை இரண்டு பேர் நடுவில்.

9.8.1987, ஞாயிறு

சேதி பரமக்குடி வரை போயிருக்கிறது. லட்ச ரூபாய்க் காசு என்று பெருகிப் போயிருக்கிறது போல.

மேட்னி வரிசையில் ஓட்டைக்குள் ஒரு ஆம்பளைக் கை நுழைந்தது. மோதிரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா.

"வெங்கட்டு, நான்தான். பழசெல்லாம் மறந்திருவோம். கூட்டிப் போகலாம்னு வந்தேன்."

ஐந்து வருஷம். ஒரு கார்டு போட்டதில்லை. உள்ளங்கை வேர்த்தது, குரல் வேர்க்கவில்லை.

"இது பொம்பளைக கவுன்ட்டரு. ஆம்பளைகளுக்கு அந்தப் பக்கம்" என்றேன். "அடுத்த ஆளு வாங்க."

பின்னால் நின்றவர்கள் சும்மா விடுவார்களா! "ஏய்யா, காது கேக்கல? நகரு." இடித்தே நகர்த்திவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாயந்திரம்வரை உட்கார்ந்திருந்தாராம். நான் வரும்போது போயிருந்தார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான், கோபமா வேறா தெரியவில்லை. "காபி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

3.9.1987

பந்தல்குடி ரோட்டில் ஒரு ரூம் பிடித்தேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. சங்கரம்மாக்கா தியேட்டர் வாசலில் தகரம் வேய்ந்த பெட்டிக்கடை போட்டுவிட்டாள். இனி வெயிலில் தரையில் உட்கார வேண்டாம். இன்னும் அந்த நாலு நாளைச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும்.

21.5.1989

நாலணாவில் புதிதாகக் காண்டாமிருகம் வந்திருக்கிறது. வட்டப் புள்ளி என்றால் நொய்டா. கோயம்புத்தூர், ஹைதராபாத், பம்பாய் என்று பதினேழு பேர் எழுதிக் கேட்கிறார்கள். செட் செட்டாகப் பிரித்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். எனக்குக் காசு தேடிக் கொடுக்கிற பெண்கள் மல்லாங்கிணறு வரை இருக்கிறார்கள். காசுக்கு மேல் கூலியும் உண்டு. நல்ல வித்தியாசம் கிடைத்தால் விற்ற விலையில் பாதி.

வெள்ளத்துரை, "தபால் வேலையா தியேட்டர் வேலையா, ஒண்ணச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். சாவியை மேசையில் வைத்தபோது அவர் முகம் சிறுத்துப் போயிற்று.

20.2.1991, புதன்

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பால்ச்சாமி என்று பெயர் சொன்னார். வெயிலில் அலைந்து கறுத்திருந்தார், மோர் கொடுத்தேன். மடியில் அட்டை வைத்துப் படிவத்தை விரித்தார்.

"குடும்பத் தலைவர் பேருங்கம்மா?"

"வெங்கடலட்சுமி."

"அது நீங்க. தலைவர் பேரு?"

"நான்தான் தலைவர்."

பேனா கொஞ்சம் நின்றது. எழுதினார். வயது கேட்டார், முப்பத்தாறு. தாய்மொழி கேட்டார், தெலுங்கு. என்ன வேலை என்று கேட்காமலேயே ஏதோ எழுதிக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தேன். தலைகீழாக இருந்தாலும் எனக்கு எந்த எழுத்தும் வாசிக்க வரும். 'வீட்டு வேலை'.

"அத அடிச்சிட்டு எழுதுங்க சார்."

"என்னன்னும்மா?"

"நாணய வியாபாரம்."

"பழைய காசுங்களா?"

"இல்லைங்க. இப்ப ஓடுற காசு."

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் அடுக்கியிருந்த தபால் உறைகளைப் பார்த்தார். படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று மேலே உத்தரவாம். புதுப் படிவம் எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினார்.